செல்லாயி ஊத வேண்டிய சீசா

நர்சு வேலையில் நோயாளியைச் சமாளித்துவிடலாம், கூட வருகிறவரைச் சமாளிக்கத்தான் தனிப் படிப்பு வேண்டும். பிள்ளைக்கு ஒரு வேளை விளக்கெண்ணெய் புகட்டிப் பார்த்தவர்கள் எல்லாரும் என் கட்சிக்காரர்கள். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

யுத்தத்துக்கு முந்தி, சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டில் இருந்தேன். பென்சிலின் என்ற பேரையே நாங்கள் கேட்டிராத காலம். ராசிபுரத்துத் தறிக்காரர் அர்த்தநாரி, எட்டு வயது மகள் செல்லாயியைக் கொண்டுவந்து சேர்த்தார். தாயார் கைக்குழந்தையோடு ஊரில். செல்லாயிக்குச் சளி முற்றி நெஞ்சுக்குள் சீழ் கட்டியிருந்தது. டாக்டர் விலா எலும்பில் ஒரு துண்டை எடுத்து, ரப்பர் குழாய் வைத்துச் சீழை வெளியே விட்டார்.

அழாத பிள்ளை

மறுநாள் செல்லாயி சுவர்ப் பக்கம் பார்த்து அசையாமல் கிடந்தாள். அடுத்த கட்டிலில் தொடைக்கட்டி அறுத்த பையன் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான். நானும் மருந்தைத் தூக்கிக்கொண்டு அவனிடம்தான் ஓடினேன். அர்த்தநாரிக்கு ஒரே பெருமை. "எம்புள்ள பாருங்க, ஒரு சத்தம் போடலீங்க" என்று கட்டில் கட்டிலாகச் சொல்லி வந்தார்.

டாக்டர் வந்து செல்லாயியின் மூச்சை எண்ணினார். மூச்சு மேலோடு மேலாக, நுனி நுனியாக ஓடிக்கொண்டிருந்தது. அசைந்தால் வலியில் உயிர் போகும் என்றுதான் பிள்ளை கட்டைபோல் கிடந்திருக்கிறது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "கத்துறவனுக்குக் கத்தவாவது தெம்பு இருக்கு. முதல்லே இவளுக்கு ஊசியைப் போடு."

இரண்டு அலசு

ஊசி வலியைத்தான் அடக்கும். சுருங்கிக் கிடக்கிற நுரையீரலை விரிக்க, பிள்ளை இழுத்து மூச்சுவிட வேண்டும். அதற்கு இரண்டு சீசாக்கள், நடுவே ஒரு குழாய். ஒன்றில் ஊதினால் தண்ணீர் மற்றதுக்குப் போகும். ஊதாவிட்டால் சீழ் திரும்பக் கட்டும், திரும்பக் கத்தி. பிள்ளைக்கு ஆசை வரட்டும் என்று தண்ணீரில் சிவப்பு கலந்து வைத்தேன்.

அர்த்தநாரி நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு சீசாவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு சொட்டை விரலில் தொட்டுத் துண்டு முனையில் தேய்த்தார். "தண்ணி சுத்தமாத்தானுங்க இருக்குது. சாயந்தான் ரெண்டு அலசுக்குத் தாங்காதுங்க."

அப்பன் மிதிக்கிற தீ

அடுத்த இரண்டு நாளும் நான் போய்ப் பார்க்கும்போதெல்லாம் தண்ணீர் முழுசும் அடுத்த சீசாவில் இருந்தது. சபாஷ் என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் டாக்டர் செல்லாயியின் முதுகைத் தட்டினார். மூட்டையைத் தட்டின மாதிரி மந்தமான சத்தம், உள்ளே காற்றே போகவில்லை. "இவ ஊதவே இல்லை. இன்னும் ரெண்டு நாள் இப்படியே இருந்தா மறுபடி அறுக்கணும்" என்றார்.

அடுத்த தடவை ஊதுகிற நேரத்தில், கட்டிலை மறைக்கிற தட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தேன். செல்லாயி சீசாக் குழாயில் வாய் வைத்தாள், கண்ணில் தண்ணீர் முட்டியது. உடனே அர்த்தநாரி குழாயை வாங்கி, கன்னம் இரண்டும் உப்ப ஒரே மூச்சில் ஊதி முடித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சீசாவாலேயே அவரை ஒன்று போட்டிருப்பேன். அவரோ பதறவே இல்லை. "புள்ளைக்கு நேந்துகிட்டா அப்பன்தானுங்க தீ மிதிக்கிறான். சாமியே ஏத்துக்குது, டாக்டரு ஏத்துக்க மாட்டாருங்களா?"

யாருக்கு டிஸ்சார்ஜ்?

குற்றம் என்னுடையதும்தான். ஊசி போட்டதும் தூங்கட்டும் என்று விட்டுவிட்டு, வலி திரும்பின பிறகு ஊதச் சொல்லியிருக்கிறேன். மறுநாள் டாக்டரைக் கேட்டு, தூங்கிவிடாதபடி அளவைக் குறைத்து, ஊதுவதற்கு அரைமணி முன்னால் ஊசி போட்டேன். புண் பக்கம் அணைத்துக்கொள்ள ஒரு தலையணை கொடுத்தேன். கூடவே டாக்டர் காதில் ஒரு குறும்பும் ஓதி வைத்தேன். அவர் நேராக வந்து அர்த்தநாரியின் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். "பிரமாதமா ஊதியிருக்கீங்க. நெஞ்சு சுத்தம். நீங்க ஊருக்குப் போகலாம், பொண்ணு இங்கேயே இருக்கட்டும்" என்றார், சிரிக்காமல்.

செல்லாயி மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். சீசாவைக் கேட்டு வாங்கினாள். தலையணையை இறுக்கிக்கொண்டு ஊதினாள். தண்ணீர் ஒரு விரல்கடை ஏறி இறங்கியது. இன்னொரு தரம் ஊதினாள், அடுத்த சீசாவில் சொட்டியது. அர்த்தநாரி தன்னை மறந்து வெறும் காற்றில் கன்னத்தை உப்பிக்கொண்டு கூடவே ஊதினார். அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பில் இருமல் வந்தது, இருமலில் தங்கியிருந்த சீழெல்லாம் விலாவில் வைத்த ரப்பர் குழாய் வழியே வந்தது. மறுநாள் டாக்டர் முதுகைத் தட்டினார். சத்தம் தெளிந்திருந்தது, இனிக் கத்தி வேண்டாம் என்றார். நான் அழுதுவிட்டேன், சொல்வதற்கு என்ன வெட்கம்? கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஊசி ரொம்ப வலிக்குதா சாமி?" என்று செல்லாயியைக் கேட்டேன். "ஊசி வலிக்கலீங்க நர்சம்மா. எங்கப்பன் மூஞ்சியப் பாத்தாத்தான் வலிக்குது. அவரைத் திருப்பி உக்கார வெய்யுங்க."

அன்றிலிருந்து ஊசியைக் கையில் எடுக்குமுன் கட்டிலோரத்து முக்காலியில் யார் இருக்கிறார் என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன், பாதி வியாதி அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.