மேருவில் ஒரு மாடி நிறையத் தண்ணீர்

போன வாரம் கிள்ளானை அடுத்த மேரு என்ற ஊரில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் பெரிய பெரிய ரப்பர் பைகளைப் பரப்பி, அவற்றில் தண்ணீரை நிரப்பிவிட்டு, தளம் தாங்குமா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே நின்றுதான்! உள்ளே யாரையும் விடவில்லை — என்னையும் சேர்த்து.

என் தொழில் அப்படி. தூணும் உத்தரமும் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போடும் ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடைக்கு மேலே ஆபீஸ். எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பிழைக்க வைக்க முடிந்த கட்டடத்தை இடிக்கக் கூடாது. சிமெண்டையும் இரும்பையும் உண்டாக்க எரிக்கிற எரிபொருள் கொஞ்சமா நஞ்சமா? ஏற்கெனவே நிற்பதை விட்டுவிட்டுப் புதிதாக எதற்கு? இந்தப் பிடிவாதத்தால் கைநழுவிய வேலைகள் நிறைய. 'அந்தம்மாகிட்ட போனா பழசைக் கட்டிக்கிட்டு அழணும்' என்று பெயர் வேறு...

ரெஜினா அக்கா அப்படியும் என்னைத் தேடி வந்தார். ஓய்வு பெற்ற நர்ஸ். அவருடைய கணவர் மரச்சாமான் வைத்திருந்த கிடங்குதான் அந்த மேரு கட்டடம். பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு வீட்டில் தனியாகக் கிடக்கும் வயதானவர்களை அங்கே பகலில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் ஆசை. காண்டிராக்டர் முனியாண்டி அண்ணனோ இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்றார்.

“இடிச்சுக் கட்டி முடிக்கிற வரைக்கும் எனக்குத் தெம்பு இருக்காது மிஸ்” என்றார் அக்கா. “ஆனா வயசானவங்க தலையில விழற கட்டடமும் வேணாம். எதுவா இருந்தாலும் நேராச் சொல்லிருங்க.”

சோதனையில் தோற்றால் நானே இடிக்கச் சொல்வேன் என்று வாக்குக் கொடுத்தேன். சொல்வது சுலபம்!

முதல் சோதனையிலேயே அந்த வாக்கு என் முன்னால் வந்து நின்றது. தண்ணீர் ஏற ஏறத் தளம் எவ்வளவு வளைகிறது என்று லேப்டாப்பில் தெரியும். எல்லா உத்தரங்களும் ஒழுங்காக இருக்க, பின்பக்கத்து உத்தரம் மட்டும் கணக்கை மீறி வளைந்தது. நிறுத்தச் சொன்னேன். தண்ணீரை இறக்கினோம். அக்கா காரில் போய் உட்கார்ந்துகொண்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

அந்த உத்தரத்தின் பூச்சைத் தட்டிப் பார்த்தோம். எப்போதோ யாரோ ஏர்கான் குழாய்க்காக உத்தரத்தைத் துளைத்து, உள்ளே இருந்த கம்பியையும் வெட்டியிருக்கிறார்கள்.

“அந்த மூலையில யாரையும் உட்கார வைக்காம விட்டாப் போதும் லா” என்றார் முனியாண்டி அண்ணன். அவருக்கும் அக்காமேல் இரக்கம் வந்துவிட்டது போல.

சபலம் எனக்கும் வந்தது. மற்றதெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது? ஆனால் பூமியைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு, நாலு பெரியவர்களை ஆபத்தில் உட்கார வைக்க முடியுமா? முடியாது என்றேன். அந்த உத்தரத்துக்குக் கீழே இரும்பு உத்தரம் ஒன்று, அதைத் தாங்க இரண்டு புதுத் தூண்கள். மறுபடி சோதனை. அதிலும் தோற்றால் இடிக்க வேண்டியதுதான்.

அந்தச் சோதனைதான் போன வாரம் நடந்தது. தண்ணீரை நிரப்பி மறுநாள் வரை அப்படியே விட்டோம். காலையில் போய்ப் பார்த்தால், பின்பக்கத்து உத்தரம் அசைவேனா என்கிறது! தண்ணீரை இறக்கியதும் தளம் மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பியது. அதுதான் நல்ல கட்டடத்துக்கு அடையாளம்.

அக்காவிடம் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். அவருக்கு அந்தக் கோடுகள் ஒன்றும் புரிந்திருக்காது. என் முகத்தைத்தான் பார்த்தார்.

“அப்ப நாற்காலிக்குச் சொல்லிரவா மிஸ்?”

“சொல்லிருங்கக்கா.”

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனை எடுத்தார். முனியாண்டி அண்ணன் எதையோ தேடுவதுபோலத் தன் லோரிப் பக்கம் போய்விட்டார்.

திரும்பும் வழியில் கிள்ளானில் வாழையிலைச் சாப்பாடு. இரண்டு நாளாகச் சோறே இறங்காத நான் அன்று மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிட்டு எழுந்தபோதுதான் கவனித்தேன், வாரக்கணக்காக இருந்த முதுகு வலியைக் காணோம்.

பாரம் இறங்கினால் தளம் மட்டும்தானா நிமிரும்?