பட்டியலில் இல்லாத நாற்பத்திரண்டாவது சோதனை

ஓசூர் சிப்காட்டில் பிரேக் உதிரிபாகங்களைச் சோதிக்கும் இயந்திரத்துக்கு நிரல் எழுதுபவர் சுமலதா. கெலமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறார். ஆறு வருட வேலையில் அவர் வெறுத்தது ஒன்றே ஒன்று: பட்டியல்.

நிரலில் ஒவ்வொரு சோதனையும் ‘கிளாஸ்’ எனப்படும் தனி நிரல்பகுதி; எல்லாம் ஒரே தாய் கிளாஸிலிருந்து பிறந்தவை. யார் புதிதாக எழுதினாலும் அதன் பெயரைச் சுமலதா பட்டியலில் கையால் சேர்க்க வேண்டும். விட்டுப்போனால் இயந்திரம் ஒன்றும் சொல்லாது. அந்தச் சோதனையைச் செய்யாமலேயே பச்சை விளக்கைக் காட்டும். லீவு நாளிலும் இதற்காக அவருக்கு போன் வரும்.

ரிஃப்ளெக்‌ஷன் என்ற வசதியைக் கொண்டு அவர் வேறு வழி செய்தார். தொடங்கும்போதே நிரல் தன்னைத் துழாவி, தாய் கிளாஸின் பிள்ளைகளையெல்லாம் கண்டுபிடித்து, ஒவ்வொன்றையும் உருவாக்கிக்கொள்ளும். பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை; எத்தனையோ பேர் செய்ததுதான். ஆனால் லைன் சூப்பர்வைசர் ராமப்பன் ஒப்புக்கொண்டால்தான் பட்டியல் ஒழியும்.

"திங்கக்கெழம ஒரு மணி நேரம் லைனத் தர்றேன். நின்னுச்சுன்னா பழைய லிஸ்ட்டுதான் தாயி," என்றார் அவர்.

திங்கட்கிழமை புதிய நிரல் தொடங்கியதுமே லைன் நின்றது.

"பாத்தியா?"

"இருங்கண்ணா. புள்ளைங்களோட சேத்துத் தாயையும் உருவாக்கப் பாக்குது."

தாய் கிளாஸ் வெறும் வரையறை. அதை நேரடியாக உருவாக்க முடியாது. அதை ஒதுக்க ஒரு வரி சேர்த்தார். இம்முறை ஓடியது. திரையில் நாற்பத்திரண்டு சோதனைகள். பட்டியலில் இருந்ததோ நாற்பத்தொன்று.

"கூட ஒண்ணு எங்கருந்து வந்துச்சு?"

சுமலதா பெயரைப் பார்த்தார். மரையில் பிசிறு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. ராமப்பன் கேட்டதால் இரண்டு வருடத்துக்கு முன் அவரே எழுதியது. அத்தனை நாளும் அது அங்கேயே இருந்திருக்கிறது. யாரும் அழைக்காததால் ஒன்றும் செய்யவில்லை. புதியது என்று சொல்லிவிடலாம். ராமப்பனுக்குத் தெரியப்போவதில்லை.

"நீங்க கேட்டதுதாண்ணா. ஓடவே இல்ல. நான்தான் லிஸ்ட்டுல போடாம விட்டுட்டேன்."

ராமப்பன் சட்டைப் பையிலிருந்து, மரை சரியா என்று திருகிப் பார்க்கும் கேஜை எடுத்து மேசையில் வைத்தார். "அதானே! ஒரு பீஸக்கூடத் தள்ளலியே, மிசினுக்குக் கண்ணு தெரியலன்னு நெனச்சேன். ரெண்டு வருசமா ஒவ்வொண்ணையும் கையாலதான் பாத்துட்டிருக்கோம்."

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதாண்ணா?"

"கஷ்டப்பட்டு எழுதியிருக்குதே பொண்ணு, மனசு நோகுமேன்னு விட்டுட்டேன்."

பத்தாவது பீஸை இயந்திரம் பழுதென்று தள்ளியது. ராமப்பன் அதில் கேஜைத் திருகினார். பாதியில் சிக்கியது.

"பரவால்ல," என்றார். "லிஸ்ட்ட அழிச்சுடு."

அடுத்த வாரம் சுமலதா லீவில் இருந்தபோது உடன் நிரல் எழுதும் தமிழரசன் புதிய சோதனை ஒன்றை எழுதிச் சேர்த்தார். பகல் முழுக்க போன் வரவில்லை. மாலையில் ராமப்பன் கூப்பிட்டார்.

"நாப்பத்திமூணு காட்டுது."

"சரிங்கண்ணா, நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்."