குர்லாவிலிருந்து வந்த ஸ்டியரிங் எண்ணெய்

அறுபதுகளில், மாட்டுங்காவில் மளிகை மொத்த வியாபாரம் செய்த முதலாளி ஒருவரிடம் டிரைவராக இருந்தேன். தன் ஊருக்கே திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் அவர் வாங்கிய பெரிய அமெரிக்கக் கார். அதன் ஸ்டியரிங்குக்குத் தனியாக எண்ணெய் உண்டு. அந்த எண்ணெயின் பலத்தில் அவ்வளவு பெரிய வண்டியும் ஒரு விரலுக்குத் திரும்பும்.

ஒரு சனிக்கிழமை காலை, கட்டிடத்து வாசலில் முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, குழாயைக் கழற்றி, கறுத்துப்போன பழைய எண்ணெயைச் சட்டியில் வடித்தேன். மறுநாள் விடியும்போது முதலாளியின் குடும்பம் முழுவதும் அந்த வண்டியில் கண்டாலா மலை ஏற வேண்டும். கைக்குழந்தையும் உண்டு.

முதலாளியின் மச்சினர் குர்லாவிலிருந்து புது எண்ணெய் டின்னோடு வந்தார். மெட்ரிக் படித்தவர். டின்மேல் இருந்த ஆங்கிலத்தைச் சத்தமாக வாசித்துவிட்டு, "ஊத்தும்வே," என்றார்.

நான் நான்காம் வகுப்போடு நின்றவன். ஆனால் குடியிருந்தது தாராவியில். எங்கள் சந்தில் பழைய டின்களைக் கழுவி, நெளிசல் எடுத்து, கடைகளுக்கே திருப்பி விற்பார்கள். உள்ளே எது இருக்கிறது என்பதற்கு மேலே உள்ள எழுத்து சாட்சியில்லை. இந்த டின்னின் மூடி ஓரத்தில் புது ஈயப்பற்று மின்னியது. மூடியைத் திறந்து, விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தேன். ஸ்பிரிட் வாடை. பிரேக் எண்ணெய். ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பரெல்லாம் ஊறிக் கெட்டுவிடும். மலை வளைவில் ஸ்டியரிங் கல்லாகிவிடும்.

முதலாளியும் வாசலில் நின்றிருந்தார். அவர் முன்னால் 'சரி' என்பதைத் தவிர நான் அதிகம் பேசியதில்லை.

"என்னவே முழிக்கீரு? டின்னுக்கு ஆரத்தி எடுக்கணுமோ?" என்றார் மச்சினர்.

"ஒரு தம்ளர் தண்ணி வேணும்."

"அத்தான், உங்க டிரைவரு முந்தி பால்காரரால்லா இருந்திருக்காரு!"

வாட்ச்மேன் தந்த தம்ளரில் நாலு சொட்டு விட்டேன். எண்ணெய் என்றால் மிதக்கும். இது கரைந்து மறைந்தது.

முதலாளி குனிந்து பார்த்தார். "என்னவே இது?"

"பிரேக் ஆயிலு மொதலாளி. டின்னுதான் வேற."

மச்சினரின் முகம் சிவந்தது. "வாசிச்சது நானா, இவரா? ஊத்தச் சொல்லுங்கத்தான்."

மேலே பால்கனியில் முதலாளியின் மனைவி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மச்சினர் அவருடைய ஒரே தம்பி. முதலாளி ஒருமுறை மேலே பார்த்தார். பிறகு, "சரி, ஊத்தும், பாப்போம்," என்றார்.

டின்னைத் தரையில் வைத்தேன்.

"இத ஊத்தினா, பிள்ளையள ஏத்திக்கிட்டு நான் ஓட்ட மாட்டேன் மொதலாளி. வேற ஆளப் பாத்துக்கிடுங்க."

சாவியை பானட்டின்மேல் வைத்தேன். இருபது நாள் வேலையில்லாமல் இருந்தால் வீட்டில் அடுப்பு எரியாது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பால்கனியிலிருந்து குரல் வந்தது. "ஏல, அந்த டின்னத் தூக்கிக்கிட்டு நீயே கடைக்குப் போ. அவரையும் கூட்டிக்கிட்டுப் போ."

டாக்சியில் மச்சினர் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். குர்லா கடையில் நான் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டேன். கடைக்காரன் என்னைப் பார்த்தான், டின்னைப் பார்த்தான், பேசாமல் உள்ளே போய் வேறொன்று கொண்டுவந்தான். அதையும் சொட்டிப் பார்த்தேன். சிவப்பாக மிதந்தது.

மதியம் அதை ஊற்றி, காற்றுப் போக ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பி விட்டேன். உள்ளே சிக்கிய காற்றின் முனகல் மெல்ல அடங்கியது.

மறுநாள் எல்லாரும் வண்டியில் ஏறினார்கள். மச்சினர் மட்டும் ரயிலில் வந்தார்.