பானைக்குள் வைத்த ஸ்பீக்கர்

பரமத்தி வேலூர் பக்கம் எங்களுக்குச் சிறிய கோழிப்பண்ணை இருக்கிறது. வீட்டு டேப் ரிக்கார்டரில் மேளச் சத்தம் திம்மென்று விழவில்லை என்ற குறை எனக்குத்தான், என் கணவருக்கு இல்லை. என் தொல்லை தாங்காமல் அவர் சேலத்தில் பெரிய ஸ்பீக்கர் ஒன்று வாங்கி, ஊரில் எல்லோரும் செய்வதுபோல் மண்பானையின் வாயில் பொருத்தித் தந்தார்.

அவர் சந்தைக்குப் போயிருந்த ஒரு மதியம், பானையை அறை முழுக்க நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். கோழிக் கொட்டகையை ஒட்டிய சுவர் மூலையில் வைத்தபோதுதான் சத்தம் நெஞ்சில் வந்து இடித்தது. அங்கேயே விட்டு, முழுச் சத்தத்தில் கேசட்டைப் போட்டுவிட்டுச் சமைக்கப் போனேன்.

பண்ணையில் வேலை செய்யும் பாவாயி ஓடி வந்தாள்.

“ஏனுங்கக்கா, குஞ்செல்லாம் மூலையில ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்குதுங்க!”

“நாய் பூந்துருச்சா?”

“நாயில்லீங்க, உங்க பானைதானுங்க. செவுரே அதுருது!”

பாட்டை நிறுத்திவிட்டு ஓடினேன். முந்தின நாள்தான் வாங்கிக் கொட்டகையில் இறக்கிய குஞ்சுகள். இருவரும் இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பரப்பினோம். நல்லவேளை, பெரும்பாலானவை எழுந்து ஓடின. அடியில் நசுங்கிய பதினொன்று மட்டும் எழவில்லை. எடுத்தபோது உள்ளங்கையில் இன்னும் சூடு இருந்தது.

இப்போது பானை வீட்டின் மறுகோடியில் இருக்கிறது. கேசட்டைப் போட்டதும் நான் அறையில் உட்காருவதில்லை. முதலில் கொட்டகைக்குப் போய்க் குஞ்சுகளுக்கு நடுவே நின்று கேட்கிறேன். அவற்றில் ஒன்று தீனியிலிருந்து தலை தூக்கினாலும் போதும், வந்து குறைத்துவிடுகிறேன்.