அவருக்குப் போட்ட கதிரை

என் கணவர் குடிப்பதில்லை. கலியாண வீட்டில் சோடா குடித்து, அதற்கு ஏப்பம் வந்தாலே வெட்கப்படுகிற மனிதர். குடித்தவள் நான். இந்த ஒரு வரியைத் திருகோணமலையில் யார் காதிலும் ஏற்ற முடியாமல் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

வாங்குவதில் ஒரு கரைச்சலும் இருக்கவில்லை. வீட்டு மதில் கட்டியபோது, மேசன்மாருக்கென்று தெருமுனை ஓட்டோக்காரரிடம் சொல்லிச் சாராயம் எடுப்பித்தேன். மதில் எழும்பி, பாசி பிடித்துக் கறுத்தும் போய்விட்டது. மேசன்மாரின் போத்தல் மட்டும் வந்துகொண்டே இருந்தது. எந்த மேசன் என்று ஓட்டோக்காரர் ஒருநாளும் கேட்டதில்லை. மணம் தெரியாமலிருக்க நான் கராம்பு சப்பிக்கொண்டு அலுவலகம் போனேன். பல்வலி என்றேன், எல்லோரும் நம்பினார்கள்.

ஒரு காலை கை நடுங்கி, மகளுக்குத் தலை பின்ன முடியவில்லை. "விடுங்கோ அம்மா, நானே பின்னுறன்" என்று அவள் சீப்பை வாங்கிக்கொண்டாள். அன்றே விட்டுவிட நினைத்தேன். தனியாக ஏலவில்லை. கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, உதவி தேடத் தொடங்கினேன்.

ஆசுபத்திரியில் நான் குடி என்று வாயெடுத்ததுமே தாதி, "அவரை ஏன் கூட்டிக்கொண்டு வரேல்லை?" என்றார். அவரில்லை என்றேன். "அப்ப மகனோ?" எனக்கு மகனே இல்லை. கோயில் ஐயர் கணவரின் நட்சத்திரம் கேட்டு நூல் கட்டித் தந்தார். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி, அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்க ஒரு தூள் இருக்கிறதென்று காதுக்குள் சொன்னாள். எனக்கே தெரியாமல் என் சோற்றில் நானே கலப்பதா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பெண்ணுக்கு நோய் வருத்தம் என்றால், அதுகூட இந்த ஊரில் புருசனுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

சாராயக் கடை எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கை காட்டும். குடியை விடுகிறவர்கள் கூடுகிற இடம் எங்கே என்றால் ஒருவருக்கும் தெரியாது. கடைசியில் ஒரு மருந்துக் கடைக்காரரிடம் விசாரித்துக் கண்டுபிடித்தவர் என் கணவர்தான். உட்துறைமுக வீதியிலிருந்து பிரிகிற ஒழுங்கையில் ஒரு பாலர் பாடசாலை, அங்கேதான் கூட்டம். ஞாயிறு பின்னேரம் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார்.

கூட்டத்தை நடத்துகிறவர் வாசலிலேயே வந்து அவருடைய கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "வாங்கோ தம்பி, ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ." என் பக்கம் திரும்பி, "தங்கச்சி, நீங்கள் விறாந்தையிலை இருங்கோ. மற்றப் பொம்பிளையளும் இருக்கினம்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவரை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

யன்னலால் பார்த்தேன். வட்டமாகப் போட்ட கதிரைகளில் ஆண்கள். நடுநாயகமாக என்னவர்.

"தம்பி கடைசியா எப்ப குடிச்சனீங்கள்?"

"நான் ஒருநாளும் குடிச்சதில்லை."

மண்டபமே சிரித்தது. கிண்ணியாவிலிருந்து வந்திருந்த ஒருவர் அவர் முதுகில் தட்டி, "முதல் நாள் நாங்களும் உப்பிடித்தான் சொன்னனாங்கள்" என்றார். என் கணவர் யன்னலைப் பார்த்தார், ஆனால் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அந்தப் பெருந்தன்மை எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. கொஞ்ச நேரம் விட்டால் தான் குடித்ததாகவே ஒப்புக்கொண்டுவிடுவார் போலிருந்தது.

விறாந்தை வாங்கிலில் என் பக்கத்தில் இருந்த ஒரு பெண் என் கையைத் தடவினார். "பொறுமையா இருங்கோ அக்கா. இனி அவர் திருந்தீடுவார்." மறுபக்கத்தில் இருந்தவள் சின்னப் பெண். அவளிடமிருந்து கராம்பு மணந்தது.

"பல்வலியோ?" என்று கேட்டேன்.

"ஓம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

என்னால் அதற்குமேல் அங்கே இருக்க முடியவில்லை. எழுந்து நேரே உள்ளே போனேன்.

"எழும்புங்கோ" என்றேன் என் கணவரிடம். "உது என்ரை கதிரை. குடிக்கிறது அவரில்லை, நான்."

நடத்துகிறவர் தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, இது ஆம்பிளையள் இருக்கிற கூட்டம். பொம்பிளையள் இருந்தால் இவை மனம் விட்டுக் கதைக்கமாட்டினம்."

"அதை என்ரை ஈரலிட்டைச் சொல்லுங்கோ அண்ணை."

என் கணவர் எழுந்து வெளியே போனார். நான் அந்தக் கதிரையில் இருந்தேன். கிண்ணியாக்காரர் தன் கதிரையைச் சற்று அரக்கி எனக்கு இடம் விட்டார். நான் மதிலைப் பற்றியும் மகளின் சீப்பைப் பற்றியும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. நடத்துகிறவர் கடைசிவரை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகச் சொல்லவுமில்லை, திரும்ப வரச் சொல்லவுமில்லை.

வெளியே வந்தபோது, முதலில் என் கையைத் தடவிய பெண் என் கணவரிடம், "பாவம் தம்பி, எப்பிடி இவவோடை இருக்கிறியள்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சொன்ன பொறுமையை அவருக்குச் சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு செருப்பைத் தேடினேன்.

கராம்புப் பெண்ணும் பக்கத்தில் குனிந்து தன் செருப்பைத் தேடினாள். அது அவள் காலில்தான் இருந்தது. ஒழுங்கையில் அவள் கணவன் மோட்டார் சைக்கிளை உறுமவிட்டுக்கொண்டு நின்றான். அவள் என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்:

"வாற கிழமையும் உள்ளுக்கையோ அக்கா இருப்பியள்?"

"ஓம்."

"அப்ப, பக்கத்திலை ஒரு கதிரை பிடிச்சு வையுங்கோ."