கச்சான் விளையாட்டு

நான் கைபேசியில் விளையாடுவது 'கச்சா' விளையாட்டு என்று சொன்ன அன்றைக்கே அண்ணை அதைக் கச்சான் ஆக்கிவிட்டார். எங்கள் பக்கத்தில் கச்சான் என்றால் வறுத்துக் கொறிக்கிற நிலக்கடலை. மேற்கிலிருந்து அடிக்கிற காற்றுக்கும் அதுதான் பெயர். "உந்தக் கச்சானை வைச்சிட்டு வந்து சாப்பிடு" என்று அவர் கத்தாத நாள் இல்லை.

விளக்கிச் சொல்லிப் பார்த்தேன். கதையைச் சும்மா படிக்கலாம். கதையில் வருகிற ஆட்களை எங்களோடு சேர்த்துக்கொள்ளத்தான் குலுக்கல். காசுக்காரர் காசைக் கொட்டிக் குலுக்குவார்கள். என்னைப் போன்றவர்கள் விளையாடி விளையாடிச் சேர்த்த கற்களைக் கொண்டு குலுக்குவோம். முதல் சம்பளம் வந்த கிறுக்கில் ஒரேயொரு தடவை சின்னப் பொதி ஒன்று வாங்கியதோடு சரி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணை, "அப்ப லொத்தர் எண்டு சொல்லன்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

லொத்தர்ச் சீட்டுக்காகவா நான் விளையாடினேன்? எங்கள் பக்கத்துத் திருநெல்வேலியில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறேன். போகவர பஸ்ஸில் படிக்க எனக்கு ஒரு கதை வேண்டும். அந்தக் கதையில் ஒரு படகுக்காரர் இருந்தார். வாய் ஓயாத மனிசன். பல்லுப் போன பகிடிகளாகவே விடுவார். அவரை எனக்கு அப்படிப் பிடிக்கும். ஓர் அத்தியாயத்தில் அவர் தனியே கடலுக்குப் புறப்படுகிறார். நான் கரையில் நிற்கிறேன். திரையில் இரண்டு தெரிவுகள்: 'எங்கே போகிறீர்கள்?' என்று கேள், அல்லது ஒன்றும் பேசாமல் நில்.

கடலுக்குப் போகிறவனைப் பார்த்து எங்கே என்று கேட்கலாமா? கொழும்புத்துறையில் பிறந்த எவளும் கேட்கமாட்டாள். கேட்டால் போகிற காரியம் கெட்டுப்போகும். கேட்டே தீரவேண்டுமென்றால் "தூரவோ?" என்று மெல்லக் கேட்கலாம், அவ்வளவுதான். அந்தத் தெரிவு அங்கே இல்லை. நான் பேசாமல் நின்றேன். இந்தக் கதையை எழுதினவனுக்கும் கடல் வழக்கம் தெரிந்திருக்கிறதே என்று மெச்சிக்கொண்டேன் வேறு.

அடுத்த அத்தியாயத்தில் படகுக்காரரைக் காணவில்லை. தேடிப் போக வேண்டும்: மேற்கா, தெற்கா, கிழக்கா? எங்கே போகிறீர்கள் என்று கேட்ட மற்ற ஆட்டக்காரர்களுக்கு அவர் திசையைச் சொல்லிவிட்டே போயிருந்தார். ஆளுக்கு ஆள் திசை வேறு என்பதால் மற்றவர்களைக் கேட்டும் பயனில்லை. ஒரு தரம்தான் தெரிவு செய்யலாம். கண்டுபிடித்தால் அவர் குலுக்கல் இல்லாமலே என்னோடு வந்துவிடுவார். திசை பிழைத்தால் கதையிலிருந்தே போய்விடுவார். ஊரில் பண்பு என்பது அந்தக் கதையில் அக்கறையின்மை ஆகிவிட்டது. நாள்கணக்காக அந்த மூன்று அம்புக்குறிகளையும் தொடாமல் வைத்திருந்தேன்.

அதற்குக் கொடுத்த தவணையின் கடைசி நாள் எனக்கு விடுமுறை. விடியற்காலையில் மீன்பிடிக்கப் புறப்பட்ட அண்ணை எஞ்சின் எண்ணெய்க் கானோடு வாசல் படலையைத் திறந்தார்.

"தூரவோ?" என்றேன்.

"உதிலைதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்தில்தான் என்று அர்த்தம்; அவர் எப்போதும் சொல்வது அதுதான். கரைக்குப் பக்கத்திலும் உதிலைதான், அக்கரைப் பூநகரிப் பக்கத்திலும் உதிலைதான்.

மத்தியானத்துக்கு முன்னால் வந்துவிடுகிறவர் வரவில்லை. கச்சான் காற்று எழும்பித் தென்னோலைகளைப் பிய்த்தது. அழைத்துப் பார்த்தேன், தொடர்பு கிடைக்கவில்லை. அம்மா சோற்றை மூடிவைத்துவிட்டுச் செபமாலையைக் கையில் எடுத்தா. அதைப் பார்த்ததும் துறைக்கு ஓடினேன்.

மற்ற மீன்பிடிப் போட்டுகள் எல்லாம் வந்து கட்டியிருந்தன. எங்கள் போட்டின் இடம் வெறுமையாகக் கிடந்தது. மீனவர் சங்கத் தலைவர் இரண்டு பேரை ஆயத்தப்படுத்திக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, கொண்ணை எந்தப் பக்கம் போனவன்? மேற்கை மண்டைதீவுப் பக்கமோ, தெற்கைக் கௌதாரிமுனையோ, கிழக்கை அரியாலையோ?"

"உதிலை எண்டு சொன்னவர்."

"உதிலை எண்டா எங்கை?"

"தெரியாது ஐயா. நான் கேக்கேல்லை."

"எங்கை நிண்டவன் எண்டு தெரிஞ்சாத்தானே பிள்ளை, காத்து எங்கை இழுத்திருக்கும் எண்டு சொல்லலாம்" என்றார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. அவருடைய வீட்டிலும் யாரும் கேட்பதில்லை.

அண்ணையை மறுபடி அழைக்கக் கைபேசியைத் திறந்தேன். காலையில் மூடாமல் விட்ட விளையாட்டு அப்படியே நின்றது. மூன்று அம்புக்குறிகள், மேலே ஓடிக்கொண்டிருக்கும் மணி. அதைக் கடலில் வீசவேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்து ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்? மாதாவே, அவரைக் கொண்டுவந்து சேர், வழக்கமும் வேண்டாம் மண்ணும் வேண்டாம் என்று மனதுக்குள் அழுதேன்.

குத்துமதிப்பாக மண்டைதீவுப் பக்கம் போவதென்று முடிவெடுத்து அவர்கள் போட்டைத் தள்ளினார்கள். முழங்காலளவு தண்ணீரில் இறங்கியிருப்பார்கள், ஒருவர் கிழக்கே கையைக் காட்டினார். அரியாலைக் கரையோரமாக ஓர் ஆள் கம்பு ஊன்றி ஊன்றிப் போட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். அண்ணைதான். எஞ்சின் நின்றுபோய், காற்று இழுத்துக்கொண்டுபோய் விட்டிருக்கிறது. கைபேசி தண்ணீர் குடித்துச் செத்திருந்தது.

"ஏன் எல்லாரும் கோயில் திருநாள் மாதிரி நிக்கிறியள்?" என்று எரிந்துவிழுந்தார். உள்ளங்கைகள் இரண்டும் உரிந்திருந்தன. நான் அழுததைப் பார்த்துவிட்டுக் குனிந்து போட்டைக் கட்டத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது விளையாட்டில் மணி முடிந்திருந்தது. படகுக்காரர் போய்விட்டார். கவலையாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

எஞ்சின் திருத்தி முடிந்த பிறகு ஒரு விடியற்காலை அண்ணை மறுபடி கானைத் தூக்கினார். படலையில் கை வைத்த நேரம் பார்த்து நான் உரக்கக் கேட்டேன்.

"எங்கை போறியள் அண்ணை?"

அம்மா நெஞ்சில் சிலுவை போட்டா. அண்ணை கானை நிலத்தில் குத்தி வைத்தார்.

"உனக்கென்ன விசரே?"

"விசர்தான். எங்கை போறியள்?"

அப்படிக் கேட்டுவிட்டால் தடை கழியத் திரும்பி வந்து, இருந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போகவேண்டும். முணுமுணுத்துக்கொண்டே வந்து கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். செம்பை நீட்டினேன். குடித்து முடித்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி, "கௌதாரிமுனைப் பக்கம்" என்றார்.

அடுத்த நாளும் கேட்டேன். அதற்கடுத்த நாளும் கேட்டேன். ஏசிக்கொண்டே வந்து இருந்து குடித்துவிட்டுச் சொன்னார்.

கிட்டடியில் விளையாட்டில் புதிய அத்தியாயம் வந்தது. படகுக்காரரின் மகள் அவரைத் தேடிப் புறப்படுகிறாளாம். விடிந்ததும் விடியாததுமாக அதில் மூழ்கிக் கிடந்தேன். படலை திறக்கிற சத்தம் வரவில்லையே என்று நிமிர்ந்து பார்த்தால், அண்ணை கதிரையில் இருக்கிறார். பக்கத்தில் கான். செம்புத் தண்ணீரைத் தானே எடுத்துக் குடித்து முடித்திருந்தார்.

"என்ன, இண்டைக்குக் கேக்கேல்லையோ?" என்றார்.