கோமுவின் இரண்டாவது மூக்கு

ஆற்றுக்குக் குளிக்கப் போன கோமு பிந்தி வந்தாள் என்று ஒரு சாயங்காலம் அவள் புருசன் அம்பலவாணன் அரிவாளை எடுத்தான். யாரோடு பேசிக்கொண்டு நின்றாய் என்று கேட்டவன், அவள் வாய் திறக்குமுன் மூக்கை அறுத்துவிட்டான். அவனைப் பாளையங்கோட்டை ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். கோமு சேரன்மகாதேவியில் இருந்த அண்ணன் நமச்சிவாயம் வீட்டுக்குப் போனாள். மைனி அவளை மாட்டுத்தொழுவில் இருக்கச் சொன்னாள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டே ஒரு வருசத்துக்கு மேல் கழிந்தது. பாளையங்கோட்டை மிஷன் ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டரம்மா மூக்கு வைத்துத் தருகிறாள் என்று காதில் விழுந்ததும், யாரிடமும் சொல்லாமல் நடந்தே போய்விட்டாள்.

டாக்டரம்மா அவளை மயக்கத்தில் கிடத்தி, நெற்றித் தோலை வெற்றிலை வடிவில் கீறி எடுத்தாள். புருவ நடுவில் காம்பை மட்டும் அறுக்காமல் விட்டு, தோலைத் திருப்பிக் கீழே இறக்கித் தைத்தாள். அந்தக் காம்பு வழியாக ரத்தம் ஓடினால்தான் புதுமூக்கு பிழைக்கும்.

"கையை வைக்காத தாயி. பைய ஒட்டட்டும்" என்று நர்ஸ் சாரம்மாள் பக்கத்திலேயே இருந்தாள்.

மூக்கில் ஈ உட்கார்ந்தால் கோமுவுக்கு நெற்றியில் ஊர்கிற மாதிரி இருந்தது. தோல் நன்றாகப் பிடித்த பிறகு காம்பை அறுத்துவிட்டார்கள். மூக்கு கொஞ்சம் தடிப்பு, நெற்றியில் பெரிய தழும்பு. ஆனாலும் முகம் முகமாக இருந்தது. ஆஸ்பத்திரித் துணி துவைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாள். பயமில்லாமல் அவள் தூங்கியது அந்தக் கொஞ்ச காலம்தான்.

ஒருநாள் நமச்சிவாயம் வந்தான். தங்கச்சியின் முகத்தை உற்றுப் பார்த்தான்.

"ஏட்டி, மாப்பிள்ளை ஜெயில்லேருந்து வந்துட்டாரு. உன்னைக் கேக்காரு."

"நான் வரலண்ணே."

"அதான் மூக்கு வந்துட்டுல்லா. இனி அங்கன போறதுக்கு என்ன?"

சாரம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "அறுத்தவன்கிட்டயே திரும்ப அனுப்புதியளே அண்ணாச்சி?"

அவன் தரையைப் பார்த்தான். "எனக்கும் ரெண்டு பொட்டப்பிள்ளைய இருக்கு. வாழாவெட்டியா ஒருத்தி இருந்தா அதுகளை யாரு கட்டுவா?"

கோமு அதற்குமேல் மறுக்கவில்லை. சேலையை மடித்துக்கொண்டே சாரம்மாளிடம் மெதுவாகச் சொன்னாள்: "இந்த மூக்கு இல்லாமலே இருந்திருந்தா என்னை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டாவ அக்கா."

அம்பலவாணன் அவளைத் திட்டாமல்தான் சேர்த்துக்கொண்டான். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "வெள்ளைக்காரி வச்ச மூக்கு, பாரும்வே" என்று கூப்பிட்டுக் காட்டுவான். அவளும் நிமிர்ந்து நிற்பாள். குழம்பில் உப்பு கூடினால் அவன் கண் முதலில் அவள் மூக்குக்குத்தான் போகும். அப்புறம் ஒரு பெண் பிறந்தது. மார்கழிக் குளிரில் அந்த மூக்கு கறுத்து விறைத்துப்போகும். கோமு அதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்திருப்பாள்.